வெள்ளி அரோவானா: தொட்டி முதலில், மீன் கடைசியில்

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் வரிசையாக இருக்கும் தெருக்களில் நடந்தால், பிளாஸ்டிக் பைகளில் தனித்தனியாக நிற்கும் விரல் நீள வெள்ளி அரோவானாக் குஞ்சுகளைப் பார்க்கலாம். தாடையில் இரண்டு சின்ன மீசை, நாணயத்தைப் போல மின்னும் செதில், நாடா நெளிவதைப் போன்ற நீச்சல். ஒருமுறை பார்த்தவர் கையை வீசிக்கொண்டு திரும்புவது கடினம். நானும் அப்படித்தான் முதல் குஞ்சை வாங்கினேன். வீட்டில் இருந்ததோ மூன்றடித் தொட்டி. அந்த மீன் பிழைக்கவில்லை.

அதனால் இந்த வழிகாட்டியை மீனிலிருந்து தொடங்கப் போவதில்லை. அரோவானா வளர்ப்பில் மீன் வாங்குவது கடைசி வேலை. அதற்கு முன்னால் குறைந்தது ஒன்றரை மாத வேலை இருக்கிறது. இன்று நீங்கள் பார்க்கும் குஞ்சுக்காக எதையும் ஏற்பாடு செய்யாதீர்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து உங்கள் வீட்டில் இருக்கப்போகும் இரண்டடி மீனுக்காக ஏற்பாடு செய்யுங்கள்.

எந்த அரோவானா?

புதியவர்களுக்கு ஏற்றது வெள்ளி அரோவானா. அமேசான் ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது. அறிவியல் பெயர் ஆஸ்டியோகுளோசம் பைசிரோசம். முதல் சொல்லுக்கு எலும்பு நாக்கு என்று பொருள், இரண்டாவது அதன் இரட்டை மீசையைக் குறிக்கிறது. காட்டில் மூன்றடி வரை வளரும். வீட்டுத் தொட்டிகளில் பெரும்பாலும் இரண்டு முதல் இரண்டரை அடி. நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து ஆண்டுகளுக்கு மேல் உங்களோடு இருக்கும்.

சிவப்பும் தங்க நிறமுமாக மின்னும் ஆசிய அரோவானா வேறு இனம். இந்தோனேசியா, மலேசியா போன்ற நாடுகளின் ஆறுகளைச் சேர்ந்த அது அழிவின் விளிம்பில் இருப்பதால், 1975 முதல், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. பதிவு பெற்ற பண்ணையில் பிறந்து, உடலில் மைக்ரோசிப் பொருத்தப்பட்டு, சான்றிதழோடு வருவதை மட்டுமே முறையாக விற்க முடியும். இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அப்படிப்பட்ட உயிரினத்தை வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்ய வேண்டும். பதிவு அரசின் பரிவேஷ் இணையதளத்தில் நடக்கிறது. காகிதம் எதுவும் இல்லாமல், விலையைக் குறைத்துத் தருகிறேன் என்று யாராவது ஆசிய அரோவானாவை நீட்டினால் வாங்காதீர்கள். அது சட்டச் சிக்கல் மட்டுமல்ல, அந்த இனத்துக்கே செய்யும் துரோகம். வெள்ளி அரோவானா அந்த முதல் பட்டியலில் இல்லை. இனி நான் சொல்வதெல்லாம் வெள்ளியைப் பற்றியே.

முதல் படி: அகலத்தை அளந்து தொட்டி

தொட்டி கேட்கும்போது எல்லோரும் நீளத்தைத்தான் சொல்வார்கள். அரோவானாவுக்கு நீளத்தைவிட அகலம் முக்கியம். அகலம் என்றால் முன் கண்ணாடிக்கும் பின் கண்ணாடிக்கும் இடைப்பட்ட தூரம்.

காரணத்தை ஒரு நண்பரின் வீட்டில் கண்ணால் பார்த்தேன். ஒன்றரை அடி அகலத் தொட்டியில் இருபது அங்குல மீன். ஒரு முனைக்கு வந்ததும் மூக்கு கண்ணாடியில் முட்டும். முதுகை வில்லாக வளைக்கும். வால் பின் கண்ணாடியை உரசும். ஒரு நொடி அப்படியே சிக்கி நின்றுவிட்டு, உதறித் திரும்பும். நான் அங்கே காபி குடித்த நேரத்துக்குள் முப்பது நாற்பது முறை அப்படித் திரும்பியிருக்கும். மீசை இரண்டும் தேய்ந்து மொட்டையாகியிருந்தன. நாளடைவில் முதுகெலும்பே கோணிப்போகும்.

வளர்ந்த ஒரு மீனுக்கு நான் சொல்லும் குறைந்தபட்ச அளவு ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டடி உயரம். எட்டடிக்கு மூன்றடி கிடைத்தால் இன்னும் நல்லது. உயரத்தைக் கூட்ட வேண்டியதில்லை, இது மேல்மட்டத்தில் நீந்தும் மீன். ஆறடித் தொட்டி முப்பது கன அடி கொள்ளும், அதாவது ஏறக்குறைய 850 லிட்டர். தண்ணீரே 850 கிலோ. 12 மி.மீ. கண்ணாடி, இரும்புத் தாங்கி எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னைத் தாண்டும். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் அறையின் நடுவில் வைக்காமல், பீம் ஓடும் சுவரை ஒட்டி வைக்க வேண்டும். கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கேட்டுவிடுவது நல்லது. தாங்கிக்கும் தொட்டிக்கும் நடுவே தெர்மாகோல் அட்டை போடாமல் ஒருபோதும் தண்ணீர் நிரப்பாதீர்கள். அடியில் சிக்கும் ஒரு சின்ன மணல் துகள் போதும், கண்ணாடி விரிசல் விட.

குஞ்சாக இருக்கும்வரை சின்னத் தொட்டி போதும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று கடையில் சொல்வார்கள். வெள்ளிக் குஞ்சு ஆறு முதல் எட்டு மாதங்களில் ஓரடியைத் தொட்டுவிடும். அந்த ‘பிறகு’ நீங்கள் நினைப்பதற்கு முன்பே வந்து நிற்கும். பெரிய தொட்டிக்கு இன்று வழியில்லை என்றால், மீனைத் தள்ளிப்போடுங்கள்.

உள்ளே கூழாங்கல், பாறை, பிளாஸ்டிக் கோட்டை எதுவும் வேண்டாம். வெறும் தரை போதும். அடியில் வெளிப்புறமாகக் கருப்புத் தாள் ஒட்டினால் மீனின் நிறமும் எடுப்பாகத் தெரியும், பிரதிபலிப்பைப் பார்த்து மிரளவும் செய்யாது.

இரண்டாம் படி: மூடி

அமேசானில் மழைக்காலத்தில் காடே வெள்ளத்தில் மூழ்கும். அப்போது வெள்ளி அரோவானா தண்ணீருக்கு மேலே தொங்கும் கிளையிலிருக்கும் வண்டைக் குறிவைத்து எம்பிப் பிடிக்கும். அதன் உடலே அதற்காக அமைந்து வந்தது. மேல்நோக்கிய வாய், நேரான முதுகு, வால் பக்கம் ஒதுங்கிய துடுப்புகள். ஒரு மீட்டருக்கு மேல் எம்பக்கூடிய மீனை, மேலே திறந்த பெட்டியில் வைக்கிறோம். அதை மனதில் வைத்துக்கொண்டு மூடியைச் செய்யுங்கள்.

என் முதல் மீனுக்கும் மூடி இருந்தது. கனமான கண்ணாடி மூடிதான். ஆனால் ஃபில்டர் குழாய் உள்ளே நுழைவதற்காக ஒரு மூலையில் நான்கு விரல் அகலத்துக்கு வெட்டியிருந்தேன். மீன் அப்போது ஒன்பது அங்குலம். ஒரு நாள் இரவு இரண்டு மணி இருக்கும், தண்ணீர் குடிக்க எழுந்தபோது யோசிக்காமல் கூடத்து விளக்கைப் போட்டேன். தொட்டிக்குள் ஒரு சளப் என்ற சத்தம். மீன் மிரண்டதாக நினைத்து, அணைத்துவிட்டுப் படுத்தேன். விடிந்து அம்மா கூட்டும்போது, தாங்கியின் பின்னால் சுவரோரம் கிடந்தது. அதன் பக்கவாட்டுச் செதில்கள் ஐந்தாறு தரையோடு ஒட்டியிருந்தன. ஈரத் துணியால் எடுத்தும் அவை உரிந்துதான் வந்தன. அந்த நான்கு விரல் இடைவெளி வழியாகத்தான் வந்திருக்கிறது, வேறு வழியே இல்லை.

எனவே மூடியில் இரண்டு விரலுக்கு மேல் எங்கேயும் திறப்பு இருக்கக் கூடாது. குழாய் வரும் இடத்தைச் சுற்றி ஸ்பாஞ்ச் வைத்து அடைத்துவிடுங்கள். கண்ணாடி மூடி என்றால் கனமாக இருக்க வேண்டும், அல்லது கொக்கி போட்டிருக்க வேண்டும். இரண்டடி மீன் லேசான மூடியைத் தலையால் முட்டித் தூக்கிவிடும். நீர்மட்டத்தை மூடியிலிருந்து நான்கைந்து அங்குலம் கீழே நிறுத்துங்கள். மூடியின் ஒரு பகுதியில் இரும்பு வலை இருந்தால் காற்றும் போகும். இரவில் முதலில் பக்கத்து அறை விளக்கு, பிறகு கூடத்து விளக்கு, கடைசியாகத் தொட்டி விளக்கு என்ற வரிசையை வீட்டில் எல்லோருக்கும் பழக்குங்கள். வந்த முதல் வாரத்தில்தான் குதிப்பு அதிகம்.

குதித்த மீன் இன்னும் செவுளை அசைக்கிறது என்றால் பதற்றப்படாமல், நன்றாக நனைத்த துண்டால் முழு உடலையும் தாங்கி எடுத்துத் தொட்டியில் விடுங்கள். வெறும் உலர்ந்த கையால் தொட்டால் உடலின் வழவழப்புப் படலம் போய்விடும். காற்றுக் குமிழி வரும் இடத்தருகே பிடித்து, தானாக நீந்தும் வரை விடாதீர்கள். விளக்கை அணைத்து, அன்று முழுவதும் உணவு கொடுக்காமல் இருங்கள்.

மூன்றாம் படி: தண்ணீரைத் தயார் செய்தல்

மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அது நஞ்சு. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் நஞ்சு. இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். அது அளவோடு இருந்தால் தீங்கில்லை, தண்ணீர் மாற்றும்போது வெளியேறிவிடும். இந்த பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். தொட்டி வாங்கிய மறுநாளே மீன் விடுபவர்கள் இழப்பது இந்தக் கட்டத்தில்தான். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், மீனோ மேலே வந்து வாயைப் பிளக்கும்.

ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவைத் தொட்டியில் போடுங்கள். அது அழுகி அம்மோனியா உண்டாகும். தெரிந்தவர் தொட்டியில் ஓடிய பழைய ஸ்பாஞ்ச் கிடைத்தால் உங்கள் ஃபில்டருக்குள் போடுங்கள், காத்திருக்கும் நாள்கள் பாதியாகக் குறையும். ஆனால் அந்தத் தொட்டி நோயில்லாததாக இருக்க வேண்டும். பரிசோதனை கிட் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் காட்டினால் தொட்டி தயார்.

அரோவானா பிறந்த தண்ணீர் மென்மையானது, சற்றே அமிலத் தன்மை கொண்டது. நம் ஊர் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினமானது, அமில காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு எட்டை ஒட்டி நிற்கும். பண்ணையில் பிறந்த குஞ்சுகள் இதற்குப் பழகிக்கொள்ளும். அங்குமிங்குமாக மாறாமல் ஒரே அளவில் இருந்தால் போதும். மருந்து ஊற்றி பி.எச்.சை இறக்கும் விளையாட்டு வேண்டாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பி.எச்.சும் வெப்பமும் கூடக்கூட, அதே அளவு அம்மோனியா மேலும் கொடிய நஞ்சாகிறது. சென்னையின் மே மாதமும் போர் தண்ணீரும் சேர்ந்தால், மற்ற ஊரில் தப்பிக்கும் தவறு இங்கே தப்பிக்காது.

மாநகராட்சிக் குழாய் நீரிலும் லாரித் தண்ணீரிலும் குளோரின் இருக்கும். நான் 200 லிட்டர் நீல பேரல் ஒன்றில் முதல்நாளே தண்ணீரைப் பிடித்து, இரவு முழுவதும் குமிழி விடும் காற்றுக் கல்லை ஓடவிடுகிறேன். அவசரம் என்றால் கடையில் ஆன்டி குளோரின் என்று விற்கும் சோடியம் தயோசல்ஃபேட் போதும். அந்த ஒரு பேரல், 850 லிட்டர் தொட்டியில் ஏறக்குறைய கால்பங்கு. வாரம் ஒரு பேரல் மாற்றுவது என்று கணக்கு எளிதாகிவிட்டது. சமையலறை ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரைச் சேமித்து ஊற்றலாமே என்று பலர் கேட்கிறார்கள். கூடாது. உப்புகள் எல்லாம் செறிந்து நிற்கும் தண்ணீர் அது.

வெப்பம் 26 முதல் 30 டிகிரி வரை நல்லது. தமிழ்நாட்டின் சமவெளியில் மார்கழி, தை இரவுகளைத் தவிர ஹீட்டர் தேவைப்படாது. நமக்குக் கோடைதான் பிரச்சினை. சூடான நீரில் ஆக்ஸிஜன் குறைவாகவே கரையும். வலைப் பகுதிக்கு மேலே சின்ன விசிறி வைத்து, காற்றுக் குமிழியைக் கூட்டுங்கள். ஐஸ் கட்டியைக் கொட்டாதீர்கள்.

நான்காம் படி: ஃபில்டரும் மின்வெட்டும்

இவ்வளவு பெரிய மீனுக்குத் தொட்டியின் கீழே வைக்கும் சம்ப் ஃபில்டர்தான் சரி. மணிக்கு நான்கைந்து முறை முழுத் தண்ணீரும் அதன் வழியே சுற்ற வேண்டும். அதற்கு 60 வாட் அளவிலான மோட்டார் வேண்டியிருக்கும். இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதக் கணக்கில் 86 யூனிட். இதையும் கணக்கில் சேர்த்தே முடிவெடுங்கள். ஸ்பாஞ்சைக் குழாய் நீரில் கழுவினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலசுங்கள்.

மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்க வேண்டும். புயல் அறிவிப்பு வந்தால் அன்று மீனுக்கு உணவு கொடுக்காதீர்கள். ஓரிரு நாள் பட்டினியால் அரோவானாவுக்கு ஒன்றும் ஆகாது, கழிவு கூடினால்தான் ஆபத்து.

ஐந்தாம் படி: இப்போது மீன்

வயிற்றில் முட்டையின் மஞ்சள்கரு ஒட்டிய பையோடு விற்கும் பிறந்த குஞ்சுகளை வாங்காதீர்கள். காட்டில் தந்தை மீன் சுமார் இரண்டு மாதம் தன் வாய்க்குள் வைத்துக் காக்கும் பருவம் அது. புதியவர் கையில் அவை பிழைப்பது அரிது. நான்கு முதல் ஆறு அங்குலக் குஞ்சைத் தேடுங்கள்.

கடையில் அவசரப்படாமல் பத்து நிமிடம் நின்று பாருங்கள். இரண்டு மீசையும் முழுதாக இருக்கிறதா? செவுள் மூடி உடலோடு ஒட்டிப் படிந்திருக்கிறதா, ஓரம் மடங்கியிருக்கிறதா? கண் தெளிவாகப் பக்கவாட்டில் பார்க்கிறதா? மேல்மட்டத்தில் நீந்துகிறதா? கடைசியாக, உங்கள் முன்னால் சாப்பிடுகிறதா? கடைக்காரரிடம் ஒரு துண்டு உணவு போடச் சொல்லுங்கள். சாப்பிடாத மீன் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் விளக்கை அணைத்து, பையை அப்படியே இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிடுங்கள். பிறகு பையைத் திறந்து, பத்து நிமிடத்துக்கு ஒரு தம்ளர் தொட்டி நீரை ஊற்றுங்கள். முக்கால் மணி நேரத்தில் மீனை மட்டும் விடுங்கள், பைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மூடியை மூடுங்கள். முதல் நாள் உணவில்லை. கூட்டம் சேர்த்துக் காட்டுவதையும் ஒரு வாரம் தள்ளிவையுங்கள்.

உணவு

கடையில் தீனிக்கென்று உயிர்மீன் குஞ்சுகளைப் பையில் போட்டுத் தருவார்கள். பார்க்க விறுவிறுப்பாக இருக்கும், உண்மைதான். ஆனால் நங்கூரப் புழு, மீன் பேன், குடல் ஒட்டுண்ணி எல்லாம் அந்தப் பை வழியாகத்தான் வீட்டுக்குள் வருகின்றன. தங்கமீன் குஞ்சுகளை மட்டுமே தின்னும் மீனுக்கு, அவற்றிலிருக்கும் தயாமினேஸ் என்ற நொதியால் பி1 வைட்டமின் குறைபாடும் வரும். கோழிக்கறி, மாட்டு இதயம் போன்றவற்றின் கொழுப்பை மீனின் உடலால் சரியாகப் பயன்படுத்த முடியாது.

நமக்கு வாய்த்த நல்ல உணவு இறால். சந்தையில் புதிதாக வாங்கி, நன்றாகக் கழுவி, தலையில் இருக்கும் கொம்பையும் வால் முள்ளையும் கிள்ளி எறியுங்கள். மீனின் கண் அளவுக்குத் துண்டாக்கி, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்று கட்டி உறையவைத்துவிடுங்கள். கொடுக்கும் முன் உறை நீங்க வேண்டும். இதோடு மிதக்கும் பெல்லட் (உருண்டைத் தீனி), உறையவைத்த புழு, வெட்டுக்கிளி என மாற்றி மாற்றிக் கொடுங்கள். வயலில் பிடித்த வெட்டுக்கிளியும் வீட்டுக் கரப்பானும் வேண்டாம், பூச்சிமருந்து ஏறியிருக்கும்.

பெல்லட்டை முதலில் துப்பும். இரண்டு நாள் பட்டினி போட்டு, பெல்லட்டை இறால் சாற்றில் ஊறவைத்துக் கொடுங்கள். என் இப்போதைய மீன் இருபது நாள் பிடிவாதம் பிடித்தது. பெல்லட்டை வாயில் எடுத்து, ஒருமுறை மென்று, பக்கவாட்டில் உமிழ்ந்துவிட்டு என்னையே பார்த்து நிற்கும். இருபத்தோராம் நாள் விழுங்கியது. அந்த வேளையில் இறாலைக் காட்டிச் சமாதானம் செய்திருந்தால் பழக்கமே வந்திருக்காது.

ஆறு அங்குலம் வரை நாளுக்கு மூன்று வேளை, ஓரடி வரை இரண்டு வேளை, அதற்கு மேல் ஒரு வேளை. வளர்ந்த மீனுக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை. ஐந்து நிமிடத்தில் தின்னாததை வலையால் எடுத்துவிடுங்கள்.

துணை மீன்கள்

வாயில் நுழையும் எதுவும் உணவுதான். தனியாக வைப்பதே என் விருப்பம். துணை வேண்டுமானால், மீன் ஓரடியைத் தாண்டிய பிறகு, அதன் வாய்க்குள் போக முடியாத அளவுக்கு வளர்ந்த சில்வர் டாலர், பேரட் மீன் போன்றவற்றை விடலாம். கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் சக்கர் மீன் வேண்டாம், அது இரவில் அரோவானாவின் உடலில் ஒட்டி வழவழப்பை உறிஞ்சிப் புண்ணாக்கிவிடும்.

எதைக் கவனிப்பது

செவுள் மூடியின் ஓரம் வெளிப்பக்கமாக மடங்கத் தொடங்கினால், தண்ணீர் கெட்டிருக்கிறது அல்லது தொட்டி போதவில்லை. ஆரம்பத்திலேயே தண்ணீரை அடிக்கடி மாற்றி, காற்றோட்டத்தைக் கூட்டினால் திரும்பிவிடும். கண்ணில் வெண்படலம் படிந்தாலும் முதலில் சோதிக்க வேண்டியது தண்ணீரைத்தான். உடலில் நூல்போல எதுவாவது தொங்கினால் நங்கூரப் புழு. சின்னக் கோளாறுகளுக்கு லிட்டருக்கு ஒரு கிராம் என்ற கணக்கில் அயோடின் சேர்க்காத கல் உப்பைக் கரைத்து ஊற்றலாம். மருந்துப் புட்டியை அதற்குப் பிறகு திறங்கள்.

வெள்ளி அரோவானாவை அதிகம் பிடிக்கும் கோளாறு கண் கீழ்நோக்கிச் சரிவது. எப்போதும் கீழே பார்ப்பது, கண்ணுக்குப் பின்னால் கொழுப்பு சேர்வது, குஞ்சுப் பருவத்தில் ஏற்பட்ட காயம் என்று வளர்ப்பவர்கள் மூன்று காரணங்களைச் சொல்கிறார்கள். மிதக்கும் உணவு, கொழுப்பில்லாத உணவு, தொட்டியை உயரமான தாங்கியில் ஏற்றாமல் தாழ வைப்பது ஆகியவை தடுக்க உதவும். சரிந்த கண்ணோடும் மீன் நன்றாகவே வாழும். அறுவைச் சிகிச்சைக்கு அலையாதீர்கள்.

வளர்க்க முடியாமல் போனால்

வீடு மாறும், வேலை மாறும். அப்போது ஏரியில் விட்டுவிடலாம் என்ற எண்ணமே வரக் கூடாது. 2018ஆம் ஆண்டு கேரள வெள்ளத்துக்குப் பிறகு, அரோவானாவின் நெருங்கிய உறவான அரபைமா அங்குள்ள ஆற்றில் மீனவர் வலைகளில் சிக்கியது. வளர்ப்புக் குளங்களிலிருந்து தப்பியவை அவை. நம் ஊர் ஏரிகளில் சக்கர் மீன் பெருகி, வலையைக் கிழித்து, நாட்டு மீன்களை ஒடுக்குவதற்கும் யாரோ தொட்டியிலிருந்து கொட்டியதே தொடக்கம். குஞ்சு வாங்கும் அன்றே கடைக்காரரிடம் கேளுங்கள்: இரண்டடி வளர்ந்த பிறகு திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? ஆம் என்று சொல்லும் கடையில் வாங்குங்கள்.